பின்சக்கரமாக மூன்று மணி நேரம்

சும்மா இருப்பதில் என்னை வெல்ல உலகத்தில் இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆராய்ந்து, அனுபவித்து, பொறுப்போடு சொல்கிறேன். பலரும் சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏதாவது செய்துவிடுகிறார்கள். காலை ஆட்டுகிறார்கள். கைப்பேசியைத் தடவுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கிறார்கள். இதெல்லாம் கலப்படம். நான் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பேராசிரியர் வராமல் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். மற்ற பிள்ளைகள் நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் சிதறி ஓடுவார்கள். நான் மட்டும் அதே பெஞ்சில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்து, அந்த ஒரு மணி நேரத்தை ஒரு கீறல்கூட விழாமல் அடுத்த வகுப்பிடம் ஒப்படைப்பேன்.

இப்பேர்ப்பட்ட என் கூடப் பிறந்தவள்தான் அக்கா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். ஒரு பெரிய கிடங்கில் பன்னிரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்கிய பலகையைத் தூக்கி, மாடி உயர அலமாரியில் வைக்குமே, அந்த வண்டி. அந்த வேலையில் திடீர் ஓய்வு நிறைய. லாரி வரத் தாமதமானால் கால் மணி. வண்டிக்கு பேட்டரி மாற்றினால் இருபது நிமிடம். மற்றவர்கள் கொட்டாவி விடும்போது அக்கா சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுப்பாள். பிய்ந்த பெட்டிகளிலிருந்து அவளே வெட்டியது. ஒரு பக்கம் கேள்வி: 'ஈரச் சாலையில் பஸ் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?' மறுபக்கம் பதில். வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்குவதற்குள் ஒரு அட்டை. குளியலறையில் நான் இருக்கும்போது வெளியே நின்று ஐந்து அட்டை. அவள் படிப்புக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான்.

"உன் கையில ஒரு நிமிஷம் மாட்டினா போச்சுக்கா. தோலை உரிச்சு, கொட்டையை எடுத்து, ஜூஸ் பிழிஞ்சுட்டுத்தான் விடுவே" என்பேன்.

"நீ அழுகவிட்டுத் தூக்கிப் போடுவே. ரெண்டு பேருக்கும் ஒரே கடைச் சரக்குதான்டா, மகாராஜா" என்பாள்.

மகாராஜா என்பது எனக்கு அவள் வைத்த பட்டம். நான் அவளுக்கு வைத்தது 'அட்டைக் கம்பெனி'. அந்த அட்டைகளை நான் செய்யாத கிண்டல் இல்லை. ஒருமுறை காலி அட்டை ஒன்றில், 'சும்மா இருக்க எவ்வளவு தூரம் வேண்டும்?' என்று எழுதி அவளுடைய அட்டைக் கட்டுக்குள் நுழைத்துவிட்டேன். அவள் அதைத் திருப்பி, 'உன் கட்டிலிலிருந்து உன் புள்ளியியல் புத்தகம் இருக்கும் தூரம்' என்று எழுதி என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் புள்ளியியல் தாளில் நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன் என்பதைத் தவிர அந்தப் பதிலில் ஒரு குறையும் இல்லை.

அக்காவுக்கு பஸ் ஓட்டும் உரிமம் ஏன் வேண்டும் என்றால், கிடங்கில் ஆளில்லாமல் தானே ஓடும் வண்டிகளை இறக்கிவிட்டார்கள். மாதக் கடைசியோடு அக்காவின் வண்டியும் வேலையும் போகின்றன. நகரப் பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் உரிமத்தோடு வந்தால் அது அவளுடையது. எழுத்துத் தேர்வில் அட்டைகளின் புண்ணியத்தில் நூற்றுக்கு நூறு. ஓட்டும் தேர்வில்தான் இடி. இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும், திருப்பத்தில் நிறுத்தியிருந்த ஆரஞ்சு நிறக் கூம்பின் மேல் பஸ்ஸின் பின்சக்கரத்தை ஏற்றிச் சட்டினி ஆக்கிவிட்டு வந்தாள். மூன்றாவது முறையும் ஏற்றினால் ஆறு மாதம் அந்த வாசலை மிதிக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எல்லோரும் வியர்த்துக் கொட்டும் அந்தப் பரீட்சையில், பஸ்ஸை இரண்டு கோடுகளுக்கு நடுவில் உறையில் கத்தியைப் போடுவதுபோலப் போடுவாளாம். முன்னால் போய்த் திரும்பச் சொன்னால் கூம்பு காலி.

"ரிவர்ஸ்லயே டிக்கெட் குடுத்துட்டுப் போற பஸ் ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாரேன்" என்று நான் உருப்படியான யோசனை ஒன்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை தோற்ற அன்று அவள் நேரே வீட்டுக்கு வராமல், எங்கேயோ ஒரு பஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் மூன்றாவது தடவைக்கு அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். "பேச வேணாம், ஒண்ணும் பண்ண வேணாம். பக்கத்துல சும்மா இரு, அது போதும்." என் தகுதி அறிந்து என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பொறுப்பு.

புதன்கிழமை பத்து மணிக்குத் தேர்வு நிலையத்தில் இருந்தோம். நீளமான கூடம். நாற்பது நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மூலையில் படிவம் எழுத மேசை. அதில் நூல் கட்டிய பேனா. பெரிய ஜன்னலுக்கு வெளியே தேர்வு மைதானம், அதில் நம்முடைய பரம எதிரியான கூம்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் அம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

பத்தே காலுக்கு அவர் எழுந்து அறிவித்தார். "தேர்வு பஸ் ஸ்டார்ட் ஆகல. வேற பஸ் வரணும். ஒண்ணேகால் ஆகும். யாரும் என்னைக் கோவிச்சுக்காதீங்க, நான் பஸ் இல்ல."

கூடம் முழுவதும் ஒரே பெருமூச்சு. ஆட்கள் கைப்பேசியில் புலம்பியபடி வெளியே போனார்கள். என் மனதில் மட்டும் மணி அடித்தது. மூன்று மணி நேரம்! முழுசாக, தையல் இல்லாமல், யாரும் தொடாத மூன்று மணி நேரம். நல்ல நாற்காலியாகப் பார்த்து, கால்களை நீட்டி, எதிர்ச்சுவரில் பார்வையைப் பொருத்தினேன்.

கிரீச்சென்று சத்தம். அக்கா நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"இது ரோடு. இந்த நாலும் ஓரம். இதோ இது கூம்பு. எந்திரி, நீ உக்காந்திருக்கிறது நடுரோடு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, நாற்காலி ஓட்டறதுக்கு இங்க லைசன்ஸ் தர்றதில்ல."

"போகும்போது அடுக்கி வெச்சிட்டுத்தான் போவேங்க."

அக்கா சாப்பாட்டு டப்பாவின் வட்ட மூடியைக் கழற்றி ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கூம்பு நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்லூரியில் நாலு பேருக்குத் தெரிந்த முகம் என்னுடையது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் நாலைந்து தடவை நடந்துவிட்டு நின்றாள்.

"இப்படி நடந்தா பிரயோஜனம் இல்லடா. எனக்குப் பின்சக்கரம் வேணும்."

அவள் பார்வை போன திசையில், சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. விளக்கு மாற்ற வந்தவர் விட்டுப்போனது. அப்புறம் அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். சுவர் உதவவில்லை.

இரண்டு நிமிடத்தில் ஏணியின் முன்முனை அக்காவின் இடுப்பருகில், பின்முனை என் கையில்.

"ரூல் ஒண்ணுதான். பின்சக்கரத்துக்குச் சொந்த புத்தி கிடையாது. ஏணி இழுக்கிற பக்கம் நேரா வரணும். நீயா ஒதுங்கக் கூடாது, நீயா திரும்பக் கூடாது."

"கவலைப்படாதே. இது எனக்குப் பிறவியிலேயே வரும்."

அக்கா நடந்தாள். கூம்பு நாற்காலியை உரசினாற்போல அழகாகத் திரும்பினாள். ஏணி திரும்பியது. பின்னால் விசுவாசமாக வந்துகொண்டிருந்த என் முழங்காலுக்குக் கீழ் எலும்பு நாற்காலிக் காலில் போய் 'டங்' என்று மோதியது.

"ஐயோ!"

"என்னாச்சு?"

"உன் பின்சக்கரம் பஞ்சர்!"

"நான் நல்லா ஒட்டித்தானே திரும்பினேன்? இன்னும் கொஞ்சம் ஒட்டித் திரும்பணுமோ?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இன்னும் ஒட்டித் திரும்பினாள். இன்னும் பலமான 'டங்'. மூன்றாவது முறை நாற்காலியே கவிழ்ந்து, நான் அதன்மேல் கவிழ்ந்து, ஏணி என்மேல் கவிழ்ந்தது.

"இந்த வண்டியில பின்சக்கரத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா?" என்று டோக்கன் அம்மாவைக் கேட்டேன்.

"மூணாம் நபருக்கு மட்டும்தான் தம்பி" என்றார் அவர், தலை நிமிராமலே.

அக்கா சிரிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்கில் ஒரு பலகை ஏன் சாய்ந்தது என்று அவள் பார்ப்பது இப்படித்தான் இருக்குமென்று தோன்றியது. கோபம் இல்லை, அவசரம் இல்லை. எலும்பு எந்த இடத்தில் சிவந்திருக்கிறது, நாற்காலி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எல்லாம் அளந்தாள். பஸ்ஸில் இருந்தபோது இதெல்லாம் அவளுக்குத் தெரிய வழியில்லை. பின்சக்கரம் ஆறேழு மீட்டர் பின்னால், ஊமையாக, எதையோ நசுக்கிக்கொண்டிருக்கும். இங்கே பின்சக்கரம் வாய் கிழியக் கத்துகிறது.

"நீ முன்னாடி வா. நான் பின்சக்கரமா வரேன்" என்றாள்.

நான் முன்முனையைப் பிடித்தேன். எனக்கு பஸ்ஸும் தெரியாது, சாலை விதியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலிதான். அதன் பக்கமே போகக் கூடாது என்பதுதான். அதனால் அதிலிருந்து நன்றாகத் தள்ளி, சோம்பலாக நேரே நடந்து, அதைத் தாண்டியும் நடந்து, இனி எதிர்ச்சுவர்தான் என்று ஆனபிறகு வேறு வழியில்லாமல் திரும்பினேன்.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு, வழுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"திரும்பவும் செய்" என்றாள்.

"எதை?"

"இப்ப செஞ்சதை."

"நான் ஒண்ணும் செய்யலியேக்கா!"

"அதைத்தான் செய்."

செய்தேன். மறுபடியும் ஒரு சாண். என் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு முதல் முறையாக ஒரு பயன் கிடைத்தது.

அக்கா ஏணியைப் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். பிறகு மெல்ல, தன்னிடமே சொல்வதுபோலச் சொன்னாள்: "ஃபோர்க்லிஃப்ட்ல திரும்பறது பின்சக்கரம்டா. முன்சக்கரம் திரும்பாது. மூலையில திருப்பினா வண்டியோட வால் வெளியே போய் வீசும். அதனால உள்மூலையை ஒட்டியே போகணும். இல்லேன்னா வால் எதிர் அலமாரியை இடிச்சிரும். பன்னெண்டு வருஷமா நான் ஒரு அலமாரியைக்கூட இடிச்சதில்ல."

"சரி."

"பஸ்ஸுல வால் வெளியே போகாது. உள்ளே வரும். நான் ஒட்டி ஒட்டிப் போக, அது கூம்பு மேலயே வந்து ஏறுது. நான் பஸ்ஸே ஓட்டலடா. ரெண்டு தடவையும் பஸ்ஸுக்குள்ள உக்காந்து ஃபோர்க்லிஃப்ட்டைத்தான் ஓட்டியிருக்கேன்."

"அப்போ ரிவர்ஸ்?"

"ரிவர்ஸ் எடுக்கிறப்போ பஸ்ஸுக்குத் திரும்புற சக்கரம் பின்னாடி வந்துடுதில்ல? அப்படியே என் வண்டி!" என்றாள். மூன்று வாரமாக அவள் முகத்தில் பார்க்காத ஒன்று அப்போது வந்தது. "ஒருத்தர்கூட இதை எனக்குச் சொல்லலியே!"

"சொல்றவங்க யாரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவங்க இல்லியேம்மா" என்றார் டோக்கன் அம்மா. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியும் கிடைத்து மூக்குக்கு வந்திருந்தது.

கண்டுபிடித்ததோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். உட்காரப் போனேன். "எங்க போறே? இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு" என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். புத்தியில் தெரிந்தது கைக்கு இறங்க வேண்டுமே. பன்னிரண்டு வருடம் ஒட்டித் திரும்பிய கை அது. முதல் பத்து தடவையில் ஆறு தடவை அவள் அறியாமலே ஒட்டினாள். என் கால் ஆறு தடவை சாட்சி சொன்னது. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்: தோள் கூம்பைத் தாண்ட வேண்டும், தாண்டிய பிறகு 'ஒண்ணு, ரெண்டு' சொல்ல வேண்டும், அப்புறம்தான் மூடியைத் திருப்பலாம். இருபதாவது தடவையில் கை கேட்க ஆரம்பித்தது. முப்பதாவது தடவையில் டோக்கன் அம்மா தாமே கூம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் நடந்து போற ஆளு, என்னை இடிக்காமப் போம்மா பார்க்கலாம்" என்றார். நாற்பதாவது தடவையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். நான் என் காலுக்காக வேண்டிக்கொண்டேன். இடிக்கவில்லை. நாற்பத்தாறோடு நிறுத்தி, நாற்காலிகளைப் பழையபடி வரிசையாக அடுக்கினாள். வெளியே போயிருந்தவர்கள் திரும்பி வந்து, வரும்போது இருந்ததைவிட அதிகமாகக் களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். அதே மூன்று மணி நேரம்தான் அவர்களுக்கும் கிடைத்திருந்தது.

ஒன்றேகாலுக்கு பஸ் வந்தது. முன்பு இரண்டு தடவையும் அக்காவைத் தோற்கடித்த அதே அதிகாரி, கையில் அதே எழுது பலகை. வாயால் பேசாமல் பேனாவால் மட்டும் பேசுகிறவர். அக்கா என்னிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போதே அவள் கை காற்றில் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று அவளுக்குக் காட்டுவதற்காகச் சுவரைப் பார்த்தேன்.

பிறகு ஜன்னலுக்கு ஓடினேன். டோக்கன் அம்மாவும் வரிசையை அம்போவென்று விட்டுவிட்டு வந்தார்.

பஸ் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பத்துக்கு வந்தது. கூம்பு நெருங்கியது. இங்கேதான் திரும்புவாள், இரண்டு தடவையும் இங்கேதான் திரும்பினாள். பஸ் திரும்பவில்லை. பஸ்ஸின் முன்கதவு கூம்பைத் தாண்டியது. பஸ் நேரே வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் முணுமுணுப்பு கேட்டது: "ஒண்ணு... ரெண்டு..." டோக்கன் அம்மா என்று நினைத்தேன். நான்தான்.

பஸ் திரும்பியது. அகலமாக, அவசரமில்லாமல், ஒரு பெரிய மனுஷி சபையில் திரும்பிப் பார்ப்பதுபோல. பின்சக்கரம் உருண்டு வந்தது. கூம்பின் பக்கத்தில் வந்தது. ஒரு சாண் தள்ளி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. கூம்பு நின்றது.

"அப்பாடா" என்றார் டோக்கன் அம்மா. "தம்பி, ஏணியைக் கீழ வை."

பார்த்தேன். ஏணியின் பின்முனை என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

அப்புறம் ரிவர்ஸ். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கூடத்துக்குள் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நேரே என்னிடம் வந்து, குனிந்து, என் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள்.

"ரொம்ப வீங்கியிருக்காடா?"

"பின்சக்கரத்துக்குச் சொந்த புத்தி கிடையாதுக்கா. வலியும் கிடையாது."

தலையில் ஒரு குட்டு வைத்தாள். கண் கலங்கியிருந்தது. யாருடையது என்று கேட்காதீர்கள். "போட்டோ எடுக்கணும், கையெழுத்துப் போடணும், பெரிய வரிசை. முக்கால் மணி ஆகுமாம். நீ உன் தொழிலைப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது. யாரும் கேட்காமல், தானாக வந்தது. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். காலை நீட்டினேன், வலித்தது, மடக்கிக்கொண்டேன். எதிர்ச்சுவரில் பார்வையைப் பொருத்தினேன். பொருந்தவில்லை. மறுபடி பொருத்தினேன். சுவரில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அதில் என்ன பார்த்தேன் என்று முதல் முறையாக ஒரு சந்தேகம் வந்தது.

அக்காவின் பை என் மடியில் இருந்தது. அதற்குள் ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டு. அடியில் இரண்டு மூன்று காலி அட்டைகள். கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். தெரிந்த முகம் யாரும் இல்லை. ஒரு காலி அட்டையை உருவி, படிவ மேசைக்குப் போய், நூல் கட்டிய பேனாவைப் பிடித்தேன். நூல் குட்டையாக இருந்ததால் கொஞ்சம் குனிந்தே எழுத வேண்டியிருந்தது.

'திட்ட விலக்கம் என்றால் என்ன?'

திருப்பினேன். மறுபக்கம் காலியாக இருந்தது. கைப்பேசியில் புள்ளியியல் பாடப்புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடினேன்.

"என்ன தம்பி எழுதறே?" என்று டோக்கன் அம்மா தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"சும்மா" என்றேன்.